25 எச்பி டிராக்டருக்கு பிக்கப் வண்டியின் பழைய பனி பிளேடு: வெட்டிப் பொருத்தலாமா, பின்பக்க பிளேடே போதுமா?

சரளைப்பாதை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 25 எச்பி, நான்கு சக்கரமும் இழுக்கும் காம்பேக்ட் டிராக்டர். ஹைட்ரோஸ்டேட்டிக் கியர். முன்னால் லோடர், அதில் ஸ்கிட் ஸ்டியர் வகை விரைவு இணைப்புத் தட்டு. பின்னால் கருவிகளை மூன்று இடத்தில் பின் போட்டு மாட்டும் முதல் வகை த்ரீ பாயிண்ட் லிங்கேஜ், கூடவே ஒரே ஒரு ஜோடி ஹைட்ராலிக் வாய். லோடரோடு சேர்த்து எடை சுமார் 1,300 கிலோ. பின்டயர்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 1.35 மீட்டர்.

சுத்தம் செய்ய வேண்டியது, சாலையிலிருந்து வீடு வரை 250 மீட்டர் சரளைப் பாதை. நடுவில் ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் ஏற்றம், மோசமான இடத்தில் 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும். கடைசியில் கொட்டகைக்கு முன்னால் கான்கிரீட் தளம். இதுவரை லோடர் பக்கெட்டை வைத்தே ஒப்பேற்றி வருகிறேன். பக்கெட் நேராக மட்டும்தான் தள்ளும். நிரம்பியதும் நிறுத்தி, திரும்பி, ஓரத்தில் கொட்டி, மறுபடி பாதைக்கு வரவேண்டும். பனி உருகியதும் பார்த்தால் பாதி சரளை புல்வெளியில் கிடக்கும்.

தெரிந்தவர் ஒருவர் தன் பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பனி பிளேடை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அகலம் ஏழரை அடி, அதாவது 2.28 மீட்டர். 'ஏ' வடிவச் சட்டம், இடம் வலம் திருப்ப இரண்டு சிலிண்டர், எதிலாவது முட்டினால் பிளேடு முன்பக்கம் மடங்குவதற்கான ஸ்பிரிங்குகள் எல்லாம் இருக்கின்றன. வண்டியில் மாட்டும் பகுதியையும் மின்சார பம்பையும் விட்டுவிட்டால் 200 கிலோ சொச்சம் வரும் என்கிறார். வெல்டிங் எனக்கு ஓரளவு வரும், மிஷினும் இருக்கிறது.

இதை லோடரில் மாட்ட வழி உண்டா? அகலம் அதிகமோ? அல்லது பேசாமல் த்ரீ பாயிண்டில் மாட்டும் பின்பக்க பிளேடு ஒன்றை வாங்கிக்கொள்வதா? பனி வீசும் இயந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சரளையில் அது கல்லை அள்ளி வீசும், ஜன்னல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

பின்கண்ணாடி எழுதியது:

பின்பக்க பிளேடுதான். நான் பல வருடமாக அதை வைத்துத்தான் சமாளிக்கிறேன். மூன்று பின்னைச் செருகினால் வேலை முடிந்தது. உடைய ஒன்றுமில்லை, ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்றுகூடத் தேவையில்லை. சரிவு, திருப்பம் எல்லாம் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். லோடரில் பக்கெட் அப்படியே இருப்பதால் ஓரத்தில் குவிந்ததைத் தூக்கித் தள்ளவும் வசதி.

லோடர் கை தூக்குவதற்காகச் செய்தது, இடிப்பதற்கு இல்லை. முன்னால் 2 மீட்டர் பிளேடை மாட்டி அதன் ஒரு முனை கல்லில் மாட்டினால், அந்த அடி முழுவதும் கையைத் திருகும். ஒரு முறை முறுக்கிய லோடர் கை பழையபடி நேராகாது. பிக்கப் பிளேடை இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

வெல்டிங்மேசை எழுதியது:

தம்பி, பிளேடை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே மாட்ட வேண்டாம்.

பின்கண்ணாடி சொன்ன பயம் நியாயமானது, அதற்கு வருகிறேன். பின்பக்க பிளேடில் எனக்குள்ள குறை வேறு. டிராக்டர் முதலில் பனிமேல் ஏறி மிதித்துவிட்டுத்தான் பிளேடு வரும். டயர் போன இரண்டு தடமும் அழுந்தி இறுகிவிடும், அதை பிளேடு சுரண்டாது. இரண்டு மூன்று பனிப்பொழிவுக்குள் அந்தத் தடங்கள் பனிக்கட்டித் தண்டவாளம் ஆகிவிடும். உங்கள் ஏற்றத்தில் அது வேண்டவே வேண்டாம். பின்னோக்கி ஓட்டித் தள்ளலாம் என்பார்கள். தள்ளலாம், ஆனால் லோயர் லிங்க், அதாவது த்ரீ பாயிண்டின் இரண்டு கீழ்க்கைகள், இழுப்பதற்கு அமைந்தது. முட்டுக்கொடுத்துத் தள்ளும்போது வேகமாக எதிலாவது மோதினால் அதுவும் வளையும். கழுத்து வலியைப் பற்றி அவரே சொல்லட்டும்.

இப்போது அகலம். கடையில் எல்லோரும் எச்பியைக் கேட்டு பிளேடு கொடுக்கிறார்கள். எச்பி இங்கே ஒரு பொருட்டே இல்லை, டயரின் பிடிமானம்தான் கணக்கு. இறுகிய பனியில் சாதா ரப்பர் டயர் தன்மேல் நிற்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் தள்ளும். உங்கள் 1,300 கிலோவோடு பின்னால் 300 கிலோ பாரம் ஏற்றினால் 1,600. அதில் கால் பங்கு 400 கிலோ விசை. 10க்கு 1 ஏற்றத்தில் டிராக்டர் தன்னையே மேலே இழுத்துக்கொள்ள 160 கிலோ போய்விடும். மிச்சம் 240. இறக்கத்தில் தள்ளினால் அதே 160 உங்கள் பக்கம் சேரும், 560 ஆகிவிடும். மேலேறும்போது பிளேடைத் தூக்கிக்கொண்டு போய், மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். எஞ்சினைப் பெரிதாக்கினால்கூட இவ்வளவு வித்தியாசம் வராது.

எதிரே இருக்கும் எடையையும் பாருங்கள். உலர்ந்த புதுப்பனி ஒரு கனமீட்டர் 50 முதல் 100 கிலோ. காற்றடித்து இறுகியது 300, 400 வரை போகும். 20 சென்டிமீட்டர் ஆழத்தில், கனமீட்டருக்கு 250 கிலோ உள்ள ஈரப் பனியை 2.28 மீட்டர் பிளேடு நேராக 10 மீட்டர் தள்ளினால் முன்னால் சேர்வது ஒரு டன்னுக்கு மேல். சாய்த்துத் தள்ளினால் ஓரமாக உருண்டு போய்க்கொண்டே இருக்கும், இவ்வளவு சேராது. ஆனால் கொட்டகை முன்னால் நேராகத்தான் தள்ளியாக வேண்டும்.

ஆக, வெட்ட வேண்டும். எவ்வளவு? 30 டிகிரி திருப்பிய பிளேடின் உண்மையான அகலம் 0.866 பங்குதான். 1.85 மீட்டர் வைத்துக்கொண்டால் திருப்பியபின் 1.60. உங்கள் டயர் 1.35. பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் மிச்சம். வளைவில் பின்சக்கரம் உள்பக்கம் அறுத்துக்கொண்டு போகும் அல்லவா, அந்த 12 அதற்குச் சரியாகப் போய்விடும். இதற்குக் குறைத்தால் வளைவில் டயர் பனிவரப்பின் மேல் ஏறும்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டாதீர்கள். திருப்பு மையம் நடுவில் இருக்க வேண்டும், அதனால் இரண்டு பக்கமும் சமமாக. பின்னால் செங்குத்தாக விலா எலும்பு மாதிரி பட்டைகள் இருக்கும். வெட்டிய முனை வெறும் தகடாக நின்றால் முதல் கல்லிலேயே சுருளும். வெட்டு விலாவின் வெளிப்பக்கம் விழுகிறதா பாருங்கள். விழாவிட்டால் வெட்டிய துண்டிலிருந்தே விலாவை எடுத்து முனையில் வைத்து வெல்டு செய்யுங்கள்.

இனி, மாட்டுவது. சந்தையில் கிடைக்கும் பல லோடர் பிளேடுகளில் 'ஏ' சட்டத்தை இணைப்புத் தட்டோடு சேர்த்து விறைப்பாக வெல்டு செய்திருப்பார்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன். பிக்கப்பில் இந்த பிளேடு எப்படி இருந்தது என்று பாருங்கள். கீழே இரண்டு பின், மேலே ஒரு சங்கிலி. தள்ளும் விசை கீழே போகும், தூக்குவது மட்டும் சங்கிலி. பிளேடு தன் எடையில் தானாகத் தரையில் கிடக்கும், மேடு வந்தால் எழும், பள்ளம் வந்தால் இறங்கும். அந்த ஏற்பாட்டை அப்படியே லோடருக்குக் கொண்டுவாருங்கள். இணைப்புத் தட்டு தனியாக, வெல்டு செய்ய வசதியாக வெறும் தகடாகவே கிடைக்கிறது. அதன் அடியில் கனமான இரண்டு காது, அதில் 'ஏ' சட்டத்தின் பின்கள். தட்டின் மேல்பக்கம் முன்னோக்கி நீட்டிய ஒரு கை, அதிலிருந்து சட்டத்துக்குச் சங்கிலி. வேலை செய்யும்போது சங்கிலி ஒரு சாண் தொய்வாக இருக்கட்டும். லோடரை ஃப்ளோட்டில், அதாவது கை தரைக்கு ஏற்றபடி தானாக ஏறி இறங்கும் நிலையில், விடாமல் குறித்த உயரத்தில் நிறுத்திவிடலாம். ஃப்ளோட்டில் விட்டால் லோடர் கையின் எடை முழுவதும் பிளேடின்மேல் உட்காரும், சரளையைச் சீவித் தள்ளும்.

காது எந்த உயரத்தில் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளேடு தரையில் இருக்கும்போது 'ஏ' சட்டம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிளேடைத் திருப்பும் நடுப் பின் செங்குத்தாக நிற்கும். அது சாய்ந்திருந்தால் நேராகத் தள்ளும்போது ஒன்றும் தெரியாது. திருப்பினதும் ஒரு முனை தோண்டும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். 5 டிகிரி சாய்ந்தாலே, 1.85 மீட்டர் பிளேடை 30 டிகிரி திருப்பும்போது இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 8 சென்டிமீட்டர். சட்டம் 1 மீட்டர் நீளம் என்றால், காது 9 சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போனாலே இந்த 5 டிகிரி வந்துவிடும். 'பிளேடு கோணலாக இருக்கிறது, ஷூவை (பிளேடைத் தரையில் தாங்கும் பாதம்) மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு நோய் இதுதான். லோடர் கையிலும் அதன் நிலைத்தூணிலும் பெயின்டால் ஒரு கோடு, இணைப்புத் தட்டின் சாய்வுக்கு இன்னொரு கோடு போட்டுவிடுங்கள். இரண்டு கோடும் சேர்ந்தால் உயரம் சரி. லோடர் சிலிண்டர் மெல்ல மெல்ல இறங்கும் பழக்கம் உள்ளது, அவ்வப்போது கோட்டைப் பாருங்கள்.

காதின் ஓட்டையைப் பின்னை விடக் கொஞ்சம் பெரிதாக, மேலும் கீழும் நீண்ட ஓட்டையாகப் போடுங்கள். பிளேடு இடம் வலமாக இரண்டு மூன்று டிகிரி ஆடட்டும். பாதையின் முதுகு மேடாக இருந்தால் அது ரொம்ப உதவும்.

இன்னொன்று. டிராக்டரோடு சேர்த்து எதையும் வெல்டு செய்யாதீர்கள். பிளேடைக் கழற்றித் தனியே வைத்துச் செய்யுங்கள். மாட்டிய நிலையில் ஒரு டாக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) வைத்தே ஆகவேண்டும் என்றால் பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் துண்டிலேயே மாட்டுங்கள். லோடர் கையில் வெல்டிங் கூடவே கூடாது.

ஹைட்ராலிக் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், இல்லாவிட்டால் பிறகு வருகிறேன்.

பின்கண்ணாடி எழுதியது:

கழுத்து வலிப்பது உண்மைதான், மறுக்கவில்லை. தடம் இறுகும் விஷயமும் சரி. நான் பனி கனமாகும் முன்பே போய்த் தள்ளிவிடுவதால் எனக்கு அவ்வளவு தெரிவதில்லை.

ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. சங்கிலி, நீண்ட ஓட்டை எல்லாம் மேலும் கீழும் ஆடத்தான். பிளேடின் முனை கல்லில் மாட்டும்போது வரும் பக்கவாட்டுத் திருகலை அது தாங்குமா?

வெல்டிங்மேசை எழுதியது:

தாங்காது. அதற்குத்தான் மடக்கு ஸ்பிரிங்.

முறையான தீர்வு அடிச்சட்டம். டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் ஓடி, தள்ளும் விசையை நேராகப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும். லோடருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. 1 கிலோமீட்டர் பாதை, நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒதுக்குகிறேன் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். 250 மீட்டருக்கு, நடை வேகத்தில் போகிறவருக்கு, மடங்கும் பிளேடு லோடரில் இருந்தாலே போதும். இறுகிப்போன வரப்பைச் சாய்த்த பிளேடால் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். வரப்பைப் பின்னால் தள்ள வேண்டுமானால் பிளேடை நேராக வைத்து நேராகப் போங்கள், இல்லாவிட்டால் பக்கெட்டை மாட்டுங்கள்.

ஸ்பிரிங் விறைப்பை பிக்கப்புக்கு வைத்தபடி விட்டுவிடாதீர்கள். பிக்கப்பின் எடையும் வேகமும் வேறு, பிளேடையும் நாம் வெட்டிவிட்டோம். சோதனை எளிது: உலர்ந்த கான்கிரீட்டில் அசையாத ஒரு கட்டையை, பிளேடின் அடிவிளிம்பில் படும்படி முட்டு வைத்து, தவழும் வேகத்தில் போய்த் தொடுங்கள். டயர் வழுக்குவதற்கு முன்னால் பிளேடு மடங்க வேண்டும். மடங்காவிட்டால் ஸ்பிரிங்கின் இழுவை போல்ட்டைத் தளர்த்துங்கள். பனியைத் தள்ளும்போதே அடிக்கடி குனிந்தால் கொஞ்சம் இறுக்குங்கள். இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

ஈரமண் எழுதியது:

ஹைட்ராலிக் நான் சொல்கிறேன், போன குளிருக்கு முன்னால் இதே வேலையைச் செய்தேன். அதற்கு முன் ஒரு கேள்வி: திருப்புவது ஹைட்ராலிக்கில்தான் வேண்டுமா? உங்கள் பாதையில் காற்று பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? எப்போதும் ஒரே பக்கம்தான் என்றால் பனியைக் காற்று போகும் பக்கமாகவே தள்ளுங்கள். காற்று வரும் பக்கம் வரப்பு எழுப்பினால் அதன் மறைவில் பனி வந்து விழுந்து பாதையை மூடும். அதோடு மேலேறும்போது பிளேடைத் தூக்கிவிட்டுக் கீழிறங்கும்போது மட்டும் தள்ளுவதாக இருந்தால், ஒரே கோணம் போதும். சிலிண்டரைக் கழற்றி, அந்த இடத்தில் ஓட்டை போட்ட பட்டையும் பின்னும் வைத்துவிடலாம். கொட்டகை முன்னால் நேராக்க ஒருமுறை இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே திருப்ப வேண்டும் என்றால், பிளேடோடு வந்த மின்சார பம்பை மறந்துவிடுங்கள். அந்த மோட்டார் ஓடும்போது நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். காம்பேக்ட் டிராக்டரின் சின்ன ஆல்டர்னேட்டருக்கு அது கட்டாது. பேட்டரி படுத்துவிடும்.

சுலபமானது, லோடரின் சாய்வு சிலிண்டருக்குப் போகும் ஹோஸில் 12 வோல்ட் சோலனாய்டு டைவர்ட்டர் வால்வு ஒன்றை இடையில் போடுவது. லோடர் லீவரில் ஒரு பட்டன். பட்டனை அழுத்திக்கொண்டு லீவரை அசைத்தால் பிளேடு திரும்பும், விட்டுவிட்டால் வழக்கம்போல் தட்டு சாயும். வெல்டிங்மேசை அண்ணன் சொன்ன சங்கிலி முறையில் வேலை நடுவே தட்டைச் சாய்க்கவே தேவையில்லை, அதனால் இது ரொம்பப் பொருத்தம். பின்னாலிருக்கும் ஹைட்ராலிக் வாயிலிருந்து முன்னால் வரை ஹோஸ் இழுத்தும் செய்யலாம். ஆனால் ஹோஸ் நீளம், உரசும் இடங்கள், லீவருக்காகத் திரும்பிப் பார்ப்பது என்று எனக்கு அது பிடிக்கவில்லை.

பிக்கப் பிளேடில் இரண்டு சிலிண்டரும் ஒருவழி வகை, தள்ள மட்டும் செய்யும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். வால்வின் ஒரு வாய் இடது சிலிண்டருக்கு, மற்ற வாய் வலதுக்கு. ஒன்று நீளும்போது மற்றதை பிளேடே அமுக்கி எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அந்த சிலிண்டர்களில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய் வேறு ரகம், தண்ணீரும் கலந்திருக்கலாம். முழுவதும் வடித்து, டிராக்டர் எண்ணெயால் கழுவிவிட்டு இணையுங்கள். டிராக்டரில் அதே எண்ணெய்தான் கியர் பெட்டிக்கும் போகிறது.

தவறவே கூடாதது ஒன்று: இரண்டு சிலிண்டர் ஹோஸ்களுக்கும் நடுவே கிராஸ்ஓவர் ரிலீஃப் வால்வு. லீவர் நடுவில் இருக்கும்போது எண்ணெய் வெளியேற வழியில்லாமல் பூட்டிக்கிடக்கும். அந்த நேரம் பிளேடின் முனை ஒரு வேரிலோ கல்லிலோ அடித்தால், அந்தப் பக்க சிலிண்டரில் அழுத்தம் ஒரு நொடியில் எகிறும். ஹோஸ் வெடிக்கும், இல்லையென்றால் ராடு வளையும். ரிலீஃப் வால்வு இருந்தால் எண்ணெய் மறுபக்க சிலிண்டருக்குப் பாய்ந்து பிளேடு சும்மா திரும்பிக்கொள்ளும். பின்கண்ணாடி கேட்ட பக்கவாட்டுத் திருகலிலும் பாதி இதிலேயே குறைந்துவிடும். ஸ்பிரிங் முன்னோக்கி மடங்கும் அடிக்கு, இந்த வால்வு ஓரத்தில் விழும் அடிக்கு. வால்வைத் திறக்கும் அழுத்தம் பிளேடைத் திருப்பத் தேவையானதற்கு மேலே, ஹோஸும் சிலிண்டரும் தாங்குவதற்கு நன்றாகக் கீழே இருக்கட்டும்.

டயருக்கு வருகிறேன். உங்களுடையது தொழிற்சாலை ரக அகலக் கட்டை டயராக இருந்தால் பனிக்கட்டியில் அது கண்ணாடிமேல் நிற்பதற்குச் சமம். பின்சக்கரத்துக்குச் சங்கிலி போடுங்கள். ஏணி மாதிரிக் குறுக்காக மட்டும் ஓடும் சங்கிலி இழுவைக்கு நல்லது, ஆனால் சரிவில் பக்கவாட்டில் வழுக்கும். வைர வடிவில் பின்னிய ரகம் இரண்டுக்கும் பிடிக்கும். மாட்டும் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இடைவெளி பாருங்கள், பல காம்பேக்ட் டிராக்டரில் அது போதாமல் ஸ்பேசர் போட வேண்டிவரும். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்புகிறவர்கள் உண்டு. கனமானது, உறையாது, ஆனால் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். நான் த்ரீ பாயிண்டில் கான்கிரீட் நிரப்பிய பாரம் மாட்டுகிறேன். முன்னால் பிளேடின் எடையால் பின்சக்கரம் லேசாவதையும் அது ஈடு செய்கிறது.

இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்தைக் கழற்றாதீர்கள். பெரும்பாலான காம்பேக்ட் டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நான்கு சக்கரமும் இணைந்திருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்.

சரளைப்பாதை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பிளேடைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டு அளந்தேன்.

இரண்டு பக்கமும் 21 சென்டிமீட்டர் வெட்டினால் 1.86 மீட்டர் வருகிறது, வெட்டு விலாவுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி விழுகிறது. 'ஏ' சட்டம் திருப்பு மையத்திலிருந்து காதில் மாட்டும் பின் வரை 1.1 மீட்டர் நீளம். லோடர் கையேட்டில், கை நுனியின் பின்னில் 450 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. சட்டம் இவ்வளவு முன்னால் நீண்டால் தூக்கும்போது சிரமப்படாதா? சட்டத்தையும் வெட்டிக் குட்டையாக்கலாமா?

காற்று பெரும்பாலும் ஒரே பக்கம்தான், ஈரமண் அக்கா. இருந்தாலும் சாலையோரத்தில் இரண்டு பக்கமும் தள்ள வேண்டியிருக்கிறது, அதனால் டைவர்ட்டர் வால்வே போடுகிறேன்.

அப்புறம் முக்கியமான சந்தேகம், சரளை. பிளேடின் அடியில் இருப்பது இரும்பு கட்டிங் எட்ஜ், தேய்ந்திருக்கிறது. ரப்பர் எட்ஜ் போடலாமா?

வெல்டிங்மேசை எழுதியது:

450 கிலோ என்பது பின்னுக்கு நேர் கீழே தொங்கும் எடைக்கு. வெட்டியபிறகு உங்கள் பிளேடு 170, 180 கிலோ இருக்கும், அது 1 மீட்டருக்கு மேல் முன்னால் நிற்கும். தூக்கிவிடும், ஆனால் தூக்கிக்கொண்டு போகும்போது முன் அச்சு திணறும். குட்டையாக்குங்கள், ஆனால் பேராசை வேண்டாம். 1.86 மீட்டர் பிளேடு 30 டிகிரி திரும்பும்போது அதன் முனை 46 சென்டிமீட்டர் பின்னால் வரும். தகட்டின் வளைவும் விலாக்களும் அதற்குப் பின்னால் இடம் கேட்கும். இணைப்புத் தட்டில் இடிக்காமல் இருக்க மையத்திலிருந்து பின் வரை 75 சென்டிமீட்டராவது விடுங்கள். சிலிண்டரின் அடிப்பகுதி சட்டத்தில் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின்னாலிருக்கும் பகுதியை மட்டும் வெட்ட முடியும். அதைத் தாண்டி வெட்டினால் சிலிண்டர் கோணத்தை முழுக்க மறுபடி கணக்குப் போட வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம். சட்டம் குட்டையானால் காது உயரத்தில் வரும் பிழையும் பெரிதாகத் தெரியும், நினைவிருக்கட்டும்.

சரளைக்கு ரப்பர் வேண்டாம் என்பேன். கான்கிரீட்டுக்கும் கல் பாவிய தளத்துக்கும் ரப்பர் அருமை, சத்தமும் இல்லை. இறுகிய பனியை அது சுரண்டாது, மேலே வழுக்கிக்கொண்டு போகும்.

தரை இன்னும் உறையாத நாட்களுக்கு ஒரு வேலை செய்யுங்கள். வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர் அளவுள்ள கனமான இரும்புக் குழாயை பிளேடின் நீளத்துக்கு எடுத்து, நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டுங்கள். பிளவின் அகலம் உங்கள் கட்டிங் எட்ஜின் கனத்தை விட ஒரு மில்லிமீட்டர் அதிகம். அதைக் கட்டிங் எட்ஜின் அடியில் ஒரு முனையிலிருந்து செருகிவிட வேண்டியதுதான். கூர்மையான விளிம்புக்குப் பதில் உருண்டையான குழாய் தரையில் படும், சரளைமேல் வழுக்கிப் போகும், கல்லை வாராது. ஒரு சென்டிமீட்டரோ இரண்டோ பனி மேலே தங்கும். தங்கட்டும், அதுதான் இறுகி சரளைக்கு மூடியாகும். தரை நன்றாக உறைந்தபிறகு குழாயைக் கழற்றிவிட்டு இரும்பு விளிம்பிலேயே ஓட்டலாம்.

குழாயை வெட்டும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு அது வளையும், பிளவு சில இடத்தில் நெருங்கும், சில இடத்தில் விரியும். ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். நடுநடுவே இரண்டு விரல் அளவு வெட்டாமல் விட்டு, கடைசியில் அந்தப் பாலங்களை அறுங்கள். இரண்டு முனையையும் தகடு வைத்து அடைத்து, கீழ்விளிம்பை மேல்நோக்கிச் சீவிவிடுங்கள், தரையில் குத்தாது. குழாய் நழுவாமல் இருக்க இரண்டு காது வைத்து, கட்டிங் எட்ஜின் போல்ட் ஓட்டையோடே சேர்த்து இறுக்குங்கள்.

தேய்ந்த கட்டிங் எட்ஜைக் கழற்றித் திருப்பிப் போட முடியுமா பாருங்கள், பல பிளேடில் இரண்டு விளிம்பும் வேலைக்கு ஆகும். போல்ட் துருப்பிடித்திருக்கும், அறுத்தெடுங்கள். புதிதாகப் போடும்போது தலை தகட்டுக்குள் அமரும் கலப்பை போல்ட்டையே போடுங்கள், சாதா அறுகோணத் தலை போல்ட் முதல் நாளே தேய்ந்து உருண்டுவிடும்.

ஈரமண் எழுதியது:

குழாய் யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. ஷூவை மட்டும் நம்பியவர்களுக்கு ஷூ சரளைக்குள் புதையும், பிளேடு இறங்கும், மறுபடி அதே கதை. குழாய் முழு நீளத்துக்கும் தாங்குவதால் புதைவதில்லை.

பாதை ஓரத்தில் தரை உறையும் முன்பே அடையாளக் குச்சி நட்டுவிடுங்கள், வளைவின் உள்பக்கம் நெருக்கமாக. முதல் பனியையே பாதைக்கு நன்றாக வெளியே தள்ளுங்கள். சோம்பலில் ஓரத்திலேயே விட்டால் அது கல்லாகி, ஒவ்வொரு பொழிவுக்கும் பாதை குறுகிக்கொண்டே வரும்.

பிளேடின் முகத்தில் ஈரப் பனி ஒட்டி உருளாமல் நிற்கிறதென்றால் பெயின்ட் போய்ச் சொரசொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். நன்றாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஓரளவு சரியாகும். நான் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலின் தகடு வைத்துப் போல்ட் போட்டிருக்கிறேன், பனி நிற்காமல் ஓடுகிறது.

சரளைப்பாதை எழுதியது:

அந்தத் தகடு எவ்வளவு கனம், அக்கா? நேராக ஓட்டை போட்டு இறுக்கினால் போதுமா?

ஈரமண் எழுதியது:

கனம் 6 மில்லிமீட்டர், வளைவுக்கு ஏற்றபடி கையாலேயே வளைகிறது. நேர் ஓட்டை போடாதீர்கள். அந்த பிளாஸ்டிக் குளிருக்கு இரும்பை விடப் பலமடங்கு சுருங்கும். உங்கள் 1.86 மீட்டர் நீளத்தில், 40 டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். நடு வரிசையில் மட்டும் வட்ட ஓட்டை, இரண்டு பக்கமும் படுக்கைவாட்டில் நீண்ட ஓட்டை, அகல வாஷர், லாக் நட் அளவாக இறுக்கியது. முனைகளில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள், கோடையில் வெளியே நீட்டாது. மேல் விளிம்பை பிளேடின் மேல் மடிப்புக்கு அடியில் செருகிவிட்டால் பனி பின்னால் புகாது. அங்கே போல்ட் தேவையே இல்லை.